கெடுவுக்கு முன்பே கட்டியவள்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே நானும் இரண்டு சலவை இயந்திரங்களும் உலர்த்தும் இயந்திரமும் நலம். நீயும் உன் துறைமுகக் கிரேனும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தேன். அங்கே பெய்கிற மழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், அக்கா கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தபால்காரர் கேலி செய்கிறார். அவருக்கென்ன தெரியும். நீ போனில் கூப்பிட்டால் நம் கடை இஸ்திரி அக்காதான் பேசுகிறாள், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். தட்டச்சு செய்து அனுப்பலாம் என்றால் சோடாவிலும் வெந்நீரிலும் ஊறிய என் விரலைப் போன் ஒரு விரலாகவே மதிப்பதில்லை. காகிதத்தில் மட்டும்தான் எனக்குத் திக்குவதில்லை. அதனால் நீ என் கையெழுத்தைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பதறாதே. உலர்த்தும் இயந்திரத்துக்கு வாங்கிய கடன் போன வருஷக் கடைசியில் முடிந்துவிட்டது என்று எழுதினேன் அல்லவா. முடியவில்லையாம். இயந்திரத்தின் விலையில் பாதி இன்னும் பாக்கி என்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று இஸ்திரி அக்காவை விட்டுக் கேட்கச் சொன்னேன். கணக்கு அப்படித்தான் காட்டுகிறதாம்.

போன வாரம் வசூல்காரர்கள் இரண்டு பேர் கடைக்கே வந்துவிட்டார்கள். ஒருவன் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான். மற்றவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். எதன்மேல் என்று நினைக்கிறாய், மருத்துவமனைக்கு அனுப்ப மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்புக் கட்டின்மேல். "சீக்கிரம் கட்டலேன்னா மெஷின வண்டியில ஏத்திடுவோம்" என்று அவன் சொன்னதைவிட அதுதான் எனக்கு முதலில் பொறுக்கவில்லை. அத்தனையையும் மறுபடி துவைத்தோம்.

அவர்கள் போனபிறகுதான் அவன் சொன்னது உறைத்தது. உலர்த்தும் இயந்திரம் போனால் மருத்துவமனை வேலை போகும். அது போனால் கடை போகும். இஸ்திரி அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்?

இவர்கள் போதாதென்று தினமும் போனில் ஒருவன். குரல் அவ்வளவு இனிப்பு. தேன்குரல் என்று பெயர் வைத்திருக்கிறோம். கடன் வாங்கியவர்தான் பேச வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். நான் எங்கே பேச.

மனசு தாங்காமல் எழுதிவிட்டேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். தைலத்துக்கு மட்டும் பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 23

அக்காவுக்கு,

தைலம் வேண்டும். அனுப்பு.

உன் கடிதத்தைக் கிரேன் கூண்டில் உட்கார்ந்துதான் படித்தேன். நாலு பக்கமும் கண்ணாடி, காலுக்குக் கீழேயும் கண்ணாடி, அதற்குக் கீழே கப்பல். அங்கே எனக்குப் பயமே வராது. உன் கடிதத்தைப் படித்தபோது வந்தது.

உனக்கா பாக்கி? கேட்டால் சிரிப்பார்கள். அப்பா மாதிரியே கெடுத் தேதிக்கு முன்னாலேயே ஓடிப்போய்ப் பணத்தைக் கொட்டிவிட்டு வருகிறவள் நீ. மருத்துவமனைக்காரர்கள் ஒன்றாம் தேதி கொடுத்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் கட்டிவிடுவாய். ஒருநாள் வீட்டில் வைத்திருந்தாலும் அடுத்தவன் பணம் என்று உனக்குத் தூக்கம் வராது.

நேற்று இங்கிருந்து அவர்களைக் கூப்பிட்டேன். முதலில் பாட்டு போட்டார்கள். பிறகு ஒரு பெண், "சார், கடன்தாரர்கிட்ட மட்டும்தான் பேச முடியும்" என்றாள். நான் தம்பி என்றேன். அவளால் பேச முடியாது, சின்ன வயசிலிருந்து அவளுக்காக நான்தான் பேசுகிறேன் என்றேன். மளிகைக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் டாக்டரிடமும் நான்தான் பேசினேன் என்றுகூடச் சொன்னேன். அவள் மறுபடி பாட்டைப் போட்டுவிட்டாள்.

நீ எதற்கும் அவர்களோடு பேசாதே. நீ ஒரு வார்த்தைக்காகத் தவிக்கும்போது அவர்கள் தங்களுக்கு வேண்டியதை உன் வாயில் வைத்து எழுதிக்கொள்வார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

தைலம் அனுப்பியிருக்கிறேன். படுப்பதற்கு முன் சூடு பறக்கத் தேய்.

பேசாதே என்றாய். பேசிவிட்டேன்.

உட்கார்ந்து படி. நேற்று இஸ்திரி அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் போன் அடித்தது. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. என்ன தோன்றியதோ, கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துவிட்டேன். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று ஒரு குரல் சொல்லிவிட்டுப் போனது. அடுத்தது தேன்குரல்.

"வணக்கம் மேடம். இன்னிக்காவது பேசுவீங்களா?"

பாக்கி எப்படி வந்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. உனக்குத் தெரியுமே, உள்பக்கம் தாழ் போட்ட கதவு மாதிரி. நான் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். அவன் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான்.

"பேசாம இருந்தா கடன் போயிடாது மேடம்."

நான் இன்னும் அதே எழுத்தில்.

"மெஷின எடுத்துடுவோம். அப்புறம் எங்கள சொல்லக்கூடாது."

அதே எழுத்து.

"கோர்ட்டுக்கு வரவேண்டியிருக்கும். அக்கம்பக்கம் எல்லாம் தெரிஞ்சுபோகும். பரவாயில்லையா?"

தம்பி, அவனிடம் பயமுறுத்த இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது. மனப்பாடம் செய்து வைத்திருந்தது முடிந்ததும் மனுஷன் தடுமாற ஆரம்பித்தான். இந்தப் பக்கம் சத்தமில்லாமல் இருந்ததை அவனால் தாங்க முடியவில்லை. குரலில் இருந்த தேன் வற்றிப்போய் சாதாரணக் குரல் வந்தது. அதற்குள் யாரோ வீட்டுக்குப் போக நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பையன் இருந்தான்.

"நான் என்ன மேடம் பண்றது? உங்கமேல தப்பில்லன்னு எனக்கே தெரியுது. நீங்க சீக்கிரம் கட்டிட்டீங்க, அதான் பிரச்சினை. எங்க சிஸ்டம் மூணாந்தேதிதான் பில்லு போடும். நீங்க ஒண்ணாந்தேதி கட்டினா அத தவணையா எடுத்துக்காது. சும்மா அசல்ல கழிச்சுடும். அஞ்சாந்தேதி வந்து பாத்தா தவணை வரலன்னு அபராதம் போட்டுடும். ஒவ்வொரு மாசமும் இதே கதைதான். அசல் எப்பவோ முடிஞ்சுபோச்சு. இப்ப நிக்கிறது எல்லாம் அபராதம், அபராதத்துக்கு அபராதம். லேட்டா கட்டுறவங்களுக்குக்கூட இவ்வளவு வந்ததில்ல மேடம்."

நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். பாக்கி விவரம் தெரிந்ததற்காக இல்லை. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது, அதுவும் நன்றாகவே வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம். இத்தனை வருஷமாக எதை ஒளித்து வைத்தேனோ, யாரைப் பார்த்தாலும் எதற்காக வாயை மூடிக்கொண்டேனோ, அதன் முன்னால் ஒரு கம்பெனியே நின்று உண்மையைக் கொட்டுகிறது. எனக்குப் புல்லரித்துப்போனது. கையைப் பார்க்கிறேன், முடியெல்லாம் நிற்கிறது.

கடைசியில் நானும் ஏதோ சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் நன்றி, வணக்கம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்று காலையில் கடன் கம்பெனிகள் மேல் வருகிற புகார்களை விசாரிக்கும் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். விசாரணை முடியும்வரை இயந்திரத்தில் கைவைக்கக் கூடாதாம். அடுத்த மாதம் கூப்பிடுவார்கள். நேரில் வந்து பேச வேண்டுமாம். பேசுவேன் என்று நினைக்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

நல்ல செய்தி. உன் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை, ஆனால் என்னால் காத்திருக்க முடியவில்லை. அவர்களுடைய இணையப் பக்கத்தில் உன் கடன் எண்ணைப் போட்டு, சேமிப்பில் இருந்ததை எடுத்துப் பாதிப் பாக்கியைக் கட்டிவிட்டேன். பேசுவதற்குத்தான் ஆள் பார்க்கிறார்கள், பணம் வாங்குவதற்கு யாராக இருந்தாலும் சரி. மீதியை இரண்டு மாதத்தில் கட்டிவிடலாம்.

இனி யாரும் கடைக்கு வரமாட்டார்கள். விரிப்புக் கட்டின்மேல் உட்காரமாட்டார்கள். உனக்குப் பேச வேண்டிய அவசியமே இல்லை. நிம்மதியாக இரு.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

நீ பாசத்தில்தான் செய்தாய். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு நாளாக உன்மேல் அப்படி ஒரு கோபம்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பாக்கியில் ஒரு பகுதியைச் செலுத்தியதன் மூலம் கடனை ஒப்புக்கொண்டதற்கு நன்றியாம். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறார்களாம். நான் கடன்காரி இல்லை என்று சொல்லப் போகிறேன், என் வீட்டு ஆளே ஆமாம் என்று கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அவராவது போய்ப் பேசியிருப்பார் என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். நல்லவேளை, ஆகவில்லை. உன் ஒருவனையே என்னால் சமாளிக்க முடியவில்லை.

புகாரை நான் திரும்பப் பெறவில்லை. விசாரணைக்குப் போகிறேன். அது முடியும்வரை நீ எனக்கு எழுதாதே. யாரையும் கூப்பிடாதே. எதையும் கட்டாதே. முடிந்ததும் நானே எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

சொன்னபடி இத்தனை நாளும் எழுதாமல் இருந்தாயே, அதற்கே உனக்கு ஒரு கும்பிடு. முழங்கால் தேவலையா?

விசாரணை முடிந்தது. சின்ன அறை. ஒரு நீளமேசை, தண்ணீர்க் கூஜா, கிறீச்சிடும் மின்விசிறி. விசாரிக்கிற அதிகாரி ஓர் அம்மா. அவருக்குக் கடுமையான ஜலதோஷம், கைக்குட்டையும் கையுமாகவே இருந்தார். கம்பெனி சார்பில் டை கட்டிய ஒருவர் மடிக்கணினியோடு வந்திருந்தார். துணைக்கு வந்த இஸ்திரி அக்காவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவள் கதவருகில் நின்று, என்னமோ நான் அறுவை சிகிச்சைக்குப் போகிற மாதிரி பார்த்தாள்.

டை கட்டியவர் ஆரம்பித்தார். இவருடைய தம்பி பாதி கட்டிவிட்டார், அதாவது கடனை ஒப்புக்கொண்டாயிற்று என்றார். நான் பதில் சொல்ல வேண்டும். "என் தம்பி பயந்துபோய்க் கட்டினான். அது என் சம்மதம் இல்ல." இவ்வளவுதான் நான் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா இரண்டு முறை தும்மிவிட்டார். ஆனால் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தம்பி, ஒரு மனுஷர் காத்துக்கொண்டிருந்தால் அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெயிலில் நடந்து வந்தவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

"இவங்களே போன்ல கட்டிடுறேன்னு வாக்குக் கொடுத்திருக்காங்க மேடம். பதிவு இருக்கு" என்றார் டை கட்டியவர். தேன்குரல் அப்படித்தான் குறித்து வைத்திருக்கிறான். இவர் முழுதும் கேட்டுப் பார்க்காமலேயே கொண்டுவந்துவிட்டார் போலிருக்கிறது. போட்டார்.

என் குரலை அதுவரை நான் வெளியே நின்று கேட்டதில்லை. கொஞ்சம் கரகரப்பு. அசிங்கமாக இருக்கும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எனக்கே பிடித்திருந்தது என்றால் நம்புவாயா? நான் திக்கி நின்ற இடத்தில் அறை முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள்ளே நம் உலர்த்தும் இயந்திரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. எதை வண்டியில் ஏற்றப் போகிறார்களோ அதுவே வந்து சாட்சி சொல்கிற மாதிரி.

டை கட்டியவர் பொறுமை போய், பதிவை முன்னே ஓட்டிவிடலாம் என்று விசையில் கைவைத்தார்.

"இருங்க. அவங்க இன்னும் முடிக்கல" என்றார் அந்த அம்மா.

முடிக்கவில்லை என்று என்னைப் பற்றி ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. எல்லோரும் நான் சொல்ல வந்ததைத் தாங்களே முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள்.

அப்புறம் தேன்குரல் சொன்னதெல்லாம் வந்தது. சீக்கிரம் கட்டியது, மூன்றாம் தேதி, அபராதத்துக்கு அபராதம், எல்லாம். டை கட்டியவர் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான் சொன்ன வாக்கியம் வந்தது. அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கேட்டதும் அந்த அம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரிதான்" என்றார்.

பாக்கி இல்லை என்று உத்தரவு. அபராதம் முழுக்க ரத்து. நீ கட்டிய பணமும் உன் கணக்குக்கே திரும்பி வரும். என்னைப் போல முன்னதாகக் கட்டிய மற்றவர்களுடைய கணக்கையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் இஸ்திரி அக்கா நடுத்தெருவில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் அழவில்லை. எனக்கு இன்னும் பிரமிப்புத் தீரவில்லை.

பதிவின் நகலைக் கேட்டு வாங்கினேன். இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பென்டிரைவ் இருக்கும். கேள். தனியாக இருக்கும்போது கேள்.

உன் அக்கா


மே 9

அக்கா,

எழுதலாமா என்று தெரியவில்லை. உன் கடிதம் வந்துவிட்டதால் எழுதலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். பணம் திரும்பி வந்துவிட்டது. முழங்கால் தேவலை.

இன்று காலை கப்பல் வரத் தாமதமாயிற்று. கூண்டில் நான் மட்டும். கீழே தண்ணீர் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. வாக்கிடாக்கியை அணைத்துவிட்டு, பென்டிரைவைப் போனில் செருகிக் கேட்டேன். வேலை நேரத்தில் அணைத்ததற்கு மேலாளர் பிறகு கத்தினார். கத்தட்டும்.

அக்கா, நீ முதல் எழுத்தில் நின்றதும் என் வாய் தானாக "பாக்கி" என்று சொல்லிவிட்டது. கண்ணாடிக் கூண்டில் யாருமில்லை, யாருக்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதற்கப்புறம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன். உண்மையாகவே பொத்திக்கொண்டேன்.

உன் அமைதி எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது அக்கா. உன் பக்கத்தில் இருந்தபோதெல்லாம் நான் அதை ஒரு நொடிகூட விட்டு வைத்ததில்லை. பள்ளம் இருந்தால் மண் போட்டு மூடுகிற மாதிரி மூடிவிடுவேன். இன்றைக்கு அதற்குள் உட்கார்ந்திருந்தேன். அவன் பயமுறுத்துகிறான், நீ நகரவில்லை. அவன் கெஞ்சுகிறான், நீ நகரவில்லை. உன் மூச்சு கேட்கிறது, இயந்திரம் சுற்றுகிறது. இவ்வளவு பெரிய சரக்குப் பெட்டிகளைத் தூக்கி இறக்குகிறேன், இதுவரை எதைப் பார்த்தும் நான் இப்படி வாயடைத்துப் போனதில்லை.

கடைசி வாக்கியம் வந்தது. "இனிமே நான்" என்றாய். நின்றாய். தேன்குரல், "கட்டிடுறேன்னு சொல்றீங்க, சரி மேடம், குறிச்சுக்கறேன்" என்றான். அக்கா, பொத்திய கைக்குள்ளேயே நானும் அதைத்தான் சொன்னேன். கட்டிடுறேன். அவன் சொன்ன அதே வார்த்தை. அவனும் நானும் ஒரே நேரத்தில்.

அவன் நன்றி சொன்னான். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் என்றான். அதற்கப்புறம் நீ முடித்தாய்.

"இனிமே நான் கேப்பேன். நீங்க பதில் சொல்லுங்க."

இதை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. கப்பல் வந்து சங்கு ஊதியபோதுதான் நிறுத்தினேன். அப்படி ஒரு வாக்கியம் உனக்குள் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என்னிடம் இருந்திருந்தால் நானும் அந்தக் கம்பெனிக்குப் பணம் கட்டியிருக்க மாட்டேன்.

மளிகைக்கடையில், டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில் நீ நின்ற இடத்திலெல்லாம் நான் என்னவோ சொல்லி முடித்தேன். நீயும் தலையாட்டினாய். நான் சரியாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கெல்லாம் நீ சொல்ல வந்தது வேறா?

தம்பி


மே 21

அன்புத் தம்பிக்கு,

சில இடத்தில் வேறு. பல இடத்தில் நீ சொன்னதுதான். மளிகைக்கடையில் நீ கேட்டது எல்லாமே உனக்குப் பிடித்த மிட்டாய், அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மற்றதைக் காகிதத்தில் எழுத எனக்கு மனமில்லை. எழுதினால் திக்காமல் வந்துவிடும், அது என் குரலாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. கடை மூடியிருக்கும், இஸ்திரி அக்கா இருக்கமாட்டாள். நானே எடுப்பேன்.

ஹலோ சொல்லவே எனக்குக் கொஞ்ச நேரமாகும். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. நான் அங்கேதான் இருப்பேன்.

உன் அக்கா